டயலில் உள்ள பெயர்: இன்விக்டா ப்ரோ டைவர் 8926ஓபி

ரோலெக்ஸ் நிறுவனம் 1953இல் அறிமுகப்படுத்திய சப்மரைனர், நீரில் மூழ்குவோருக்கான கைக்கடிகாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதையே வரையறுத்துவிட்டதால், அதன் கருநிற டயலையும் சுழலும் வெளிவளையத்தையும் பின்பற்றி இரு வகைப் பிரதிகள் இன்று சந்தையில் உலவுகின்றன. ரோலெக்ஸ் என்ற பெயரையும் கிரீடச் சின்னத்தையும் பொறித்துக்கொண்டு ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்ற செல்லப்பெயரில் விற்கப்படும் போலி ஒரு வகை. தோற்றத்தை மட்டும் தழுவி, டயலில் தன் சொந்தப் பெயரையே எழுதிக்கொள்ளும் ‘ஹோமேஜ்’ கடிகாரம் மற்றொன்று. இன்விக்டா ப்ரோ டைவர் 8926ஓபி இரண்டாவதைச் சேர்ந்தது.

கையில் எடுத்தவுடன் 40 மில்லிமீட்டர் எஃகு உடலும், தேதியைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக் குமிழும், மணிமுள்ளின் நுனியில் மூன்றாகப் பிரிக்கப்பட்ட வட்டமும் சப்மரைனரையே நினைவூட்டுகின்றன. ஆயினும் உடலின் பக்கவாட்டில் பெரிய எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ள இன்விக்டா என்ற பெயர் எந்த மயக்கத்துக்கும் இடம் வைப்பதில்லை. அந்த எழுத்துகள் அழகைக் கெடுக்கின்றன என்று சேகரிப்பாளர் பலர் குறைபட்டுக்கொள்வது நியாயமே என்றாலும், இக்கடிகாரத்தின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

உள்ளே இயங்குவது சீக்கோ குழுமத்தின் என்எச்35 என்னும் தானியங்கி இயந்திரம். அதாவது, கை அசையும்போது சுழலும் எடைத்தகடே ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுத்துவிடுகிறது. இது மணிக்கு 21,600 முறை, அதாவது நொடிக்கு ஆறு முறை, துடிப்பதால், நொடிக்கு எட்டு முறை துடிக்கும் ரோலெக்ஸில் காணப்படும் வழுக்கலான ஓட்டம் இதன் நொடிமுள்ளுக்கு வாய்ப்பதில்லை. முழுச் சாவியில் ஏறத்தாழ 41 மணி நேரம் ஓடும் இவ்வியந்திரம், நாளொன்றுக்கு 20 நொடி பிந்துவதோ 40 நொடி முந்துவதோ ஏற்கத்தக்க அளவே என்று தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவித்துள்ளார். கீறல் விழக்கூடிய மினரல் கண்ணாடி, இருளில் விரைவில் மங்கும் ஒளிப்பூச்சு, மெல்லிய தகட்டை மடித்துச் செய்த செயின் கொக்கி ஆகியவை விலைக்காகச் செய்துகொண்ட சமரசங்கள். அவற்றில் கொக்கி உண்மையாகவே மட்டமானது.

தரமான போலிகள் இக்குறைகளுள் சிலவற்றைத் தாண்டிவிடுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் இடிஏ 2824-2 இயந்திரத்துக்கான காப்புரிமை காலாவதியாகிவிட்டதால், அதன் அமைப்பைப் பின்பற்றிச் சீனத் தொழிற்சாலைகள் செய்யும் இயந்திரங்கள் சட்டபூர்வமானவை; நொடிக்கு எட்டுத் துடிப்பு என்பது அவற்றுக்கும் எளிதே. காப்புரிமை, கண்டுபிடிப்புக்குக் குறிப்பிட்ட காலம் மட்டும் தரப்படும் தனியுரிமை. வணிகச்சின்னமோ புதுப்பித்துக்கொண்டே இருக்கும்வரை அழியாதது. ரோலெக்ஸ் என்ற பெயர் 1908இலேயே பதிவு செய்யப்பட்டது. ஆகவே குற்றம் பல்சக்கரத்தில் இல்லை, டயலின் மேல் அச்சிட்ட எழுத்தில் இருக்கிறது. போலியின் டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருந்தாலும், தண்ணீர் புகுந்தால் பதில் சொல்ல அந்தப் பெயருக்கு உரியவர் கடமைப்பட்டவர் அல்லர். எழுதியவரையோ கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகச்சின்னச் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகள், போலிச் சின்னம் பொறிப்போருக்கும் அத்தகைய பொருளை விற்போருக்கும் விற்பனைக்காக வைத்திருப்போருக்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. சொந்த உபயோகத்துக்கு வாங்குபவரை இப்பிரிவுகள் குறிவைப்பதில்லை. 2007ஆம் ஆண்டின் சுங்க அமலாக்க விதிகளும் பயணப் பையில் வரும் வணிக நோக்கமற்ற பொருளுக்கு விலக்களிக்கின்றன. இத்தாலியில் நிலைமை வேறு: அங்கே 2005 முதல் போலிப் பொருளை வாங்குபவரும் அபராதத்துக்கு உள்ளாகிறார். சுவிட்சர்லாந்தில் 2008 ஜூலை முதல், பயணி தனக்கென்று அணிந்து வரும் ஒற்றைப் போலியைக்கூடச் சுங்கத்துறை பறிமுதல் செய்து அழிக்கலாம். ஹோமேஜ் கடிகாரமும் முற்றிலும் அபாயமற்றதன்று. வாங்குவோரைக் குழப்பும் அளவுக்கு ஒற்றுமை நீண்டால் அதன் தயாரிப்பாளர் மீதும் வழக்கு எழலாம்.

போலிக்கும் ஹோமேஜுக்கும் உள்ள வேறுபாடு பழுதுபார்ப்பில் இன்னும் தெளிவாகிறது. என்எச்35 உலகெங்கும் தனியாகவே விற்கப்படுவதால், பல ஆண்டுகள் உழைத்தபின் அது தேய்ந்துபோனாலும், கடிகாரம் பழுதுபார்ப்பவர் இயந்திரத்தை அப்படியே மாற்றிப் பொருத்திவிட முடியும். சேகரிப்பைத் தொடங்குபவர் முதலில் மாற்ற வேண்டியது அந்தக் கொக்கியுள்ள செயினைத்தான். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள நல்லதொரு தோல் அல்லது நைலான் ஸ்ட்ராப் அதற்குப் போதும்.