'பதம்': உணவா, உண்ணும் நிலையா?

சங்கப் பாடல்களில் பயிலும் 'பதம்' என்னும் சொல்லுக்கு உணவு, சோறு என உரைகளும் அகராதிகளும் பொருள் கூறுகின்றன. இப்பொருள் பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. உண்ணத்தகும் நிலையை எய்தியது என்பதே இச்சொல்லின் உட்பொருள்.

அடி, இடம், சொல் எனப் பொருள்படும் வடசொல் 'பதம்' வேறு. நன்னூலின் பகுபதம், பகாப்பதம் என்பன அதன்வழி வந்தவை. உணவைக் குறிக்கும் பதத்திற்கு இனச்சொற்கள் திராவிட மொழிகளிலேயே உள்ளன. கன்னட 'ஹத' சமையலின் பக்குவத்தையும் விதைப்புக்கேற்ற மண்ணின் நிலையையும் சுட்டும். தெலுங்குப் 'பதுனு' ஈரப்பதத்தையும் கருவியின் கூர்மையையும் சுட்டும். இவற்றிற்குப் பொதுவாய் நிற்பது 'ஏற்ற நிலை' என்னும் பொருளே. எனவே நிலையின் பெயர் அந்நிலையை எய்திய உணவுக்கு ஆகிவந்தது எனக் கொள்வது பொருந்தும். திருக்குறளின் 'எண்பதம்' (548, 991) என்பதற்குப் பரிமேலழகர் 'எளிய செவ்வி' என உரைப்பதும், வெல்லப்பாகின் 'கம்பிப்பதம்' என்னும் இன்றைய வழக்கும் இதற்கு அரண் செய்கின்றன.

இவ்வேறுபாடு பாடற்பொருளையும் தொடுகிறது. புறநானூறு 95இல் ஒளவையார், அதியமான் உள்ளபோது 'பதம்' கொடுப்பான் என்றும், இல்லாதபோது உடனிருந்து உண்பான் என்றும் பாடுகிறார். பதம் வெறும் உணவாயின், அஃது இல்லாதபோது உண்பது எதனை என்னும் வினா எழும். உரைமரபு 'பொருள் உண்டாயின்' என எழுவாயை வருவித்து இதனைத் தீர்க்கிறது. அங்ஙனம் கொண்டாலும், வறுமையில் உண்பதைப் புலவர் பதம் எனச் சுட்டவில்லை என்பது கருதத்தக்கது. வளமுள்ளபோது விருந்தினர்க்கெனப் பக்குவமாய் ஆக்கியதைக் கொடுத்தலும், வறுமையில் உள்ளதைப் பகிர்ந்துண்ணலும் இங்கு எதிர்நிலைகளாகின்றன. கொடையின் தரமும் வறுமையின் தோழமையும் ஒருங்கே புலப்படுகின்றன.

அதே பாடலில் கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கும் வேல்களைக் கண்டு, கூர்மைப் பொருளையும் இச்சொல்லுக்கு ஏற்றிக் காண விழைவோர் இருக்கலாம். அதற்குப் பாடலில் சான்றில்லை. பதம் அங்கு உணவையே சார்ந்து நிற்கிறது.

'உணவு' என மட்டும் உரைத்தால் கொடுத்தது விளங்கும். அது கொடுக்கப்பட்ட செவ்வி மறையும். 'பக்குவமாய் ஆக்கிய உணவு' என உரைப்பதே பாடலுக்கு நேர்மையாகும்.