காலை எடுத்த நேரம்

ஐம்பது விநாடிகூட ஓடாத ஒரு படத்தை அண்ணன் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தேன். 1895-ல் லூயி லூமியேர் எடுத்த ‘லாரோசெர் அரோசே’. நீர் பாய்ச்சியவரே நனைந்து போகிற கதை. தோட்டக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் அடிக்கிறார். பின்னாலிருந்து ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. அவர் குழாய் வாயை உற்றுப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். அவ்வளவுதான் சங்கதி!

நடித்தவர்கள் நடிகர்களே அல்ல. தோட்டக்காரராக வரும் பிரான்சுவா கிளேர், லூமியேர் வீட்டுத் தோட்டக்காரர்தான். பையன், அவர்கள் தொழிற்சாலையில் வேலை பழகியவன்.

சின்னவன்தான் ஆரம்பித்தான். “தண்ணி நின்னா டேப்பைத்தானே போய்ப் பாக்கணும்? இவரு ஏன் ஓட்டைக்குள்ள பாக்கறாரு?”

“நம்ம தாத்தாவும் அப்படித்தான் பாப்பாரு” என்றாள் அக்காக்காரி.

உண்மைதான். தண்ணீர் நின்றதும் யார் கையும் குழாய் வாயைத் தன் முகத்துக்குத்தான் திருப்பும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் படமே நிற்கிறது. குழாயை மிதிக்க எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முகம் சரியாக நேரே குனியும்வரை பொறுத்திருந்து காலை எடுக்கிறானே, அந்த இடத்தில் நான் சொக்கிப் போனேன். தண்ணீர் பீறிட்டு, தொப்பி பறக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்தத் தொப்பி விழும்போது சிரிப்பு வந்துவிடுகிறது.

இதைவிட நயமான ஒன்றைப் பெரியவள் கண்டுபிடித்தாள். பையன் ஓடுகிறான், தோட்டக்காரர் துரத்திப் பிடிக்கிறார். பிடித்த பிறகு அவனை முன்பக்கமாக இழுத்து வருகிறார். அப்புறம்தான் பின்புறத்தில் நாலு சாத்து.

“அடிக்கணும்னா புடிச்ச எடத்துலயே அடிக்கலாமே, அத்தை?”

“நமக்குத் தெரியணும்ல!” என்றான் சின்னவன்.

அவன் சொன்னதுதான் சரி. கேமரா, காலூன்றி நின்ற ஒரு மரப்பெட்டி. கைப்பிடியைச் சுற்றிப் படம் பிடித்தார்கள்; அது யார் பின்னாலும் திரும்பிப் போகாது. சட்டத்துக்கு வெளியே விழுகிற அடி யாருக்கும் தெரியாது. பார்த்துப் பழக முன்மாதிரியாக ஒரு சிரிப்புப் படம்கூட இல்லாத காலத்தில், ஒரு தோட்டக்காரர் கோபத்தோடு கோபமாகப் பையனை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். லூமியேர் சொல்லிக்கொடுத்தாரோ, அவருக்கே தோன்றியதோ, அந்த இழுப்புக்கு நான் அடிமை.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கிராண்ட் கஃபேயின் நிலவறைக் கூடத்தில், ஒரு பிராங்க் கட்டணத்துக்குக் காட்டிய பத்துப் படங்களில் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு மார்செலின் ஓசோல் வரைந்த சுவரொட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். திரையில் தோட்டக்காரர் முகத்தில் தண்ணீர் அடிக்கிறது. ஆனால் முன்னால் பெரிதாக இருப்பவர்கள், உட்கார்ந்து சிரிக்கிற பெரியவர்களும் சிறுவர்களும். ஓவியர் கண் பார்வையாளர் மேல்தான் போயிருக்கிறது.

“நம்மளையும் சேத்துப் போட்டிருக்காங்க” என்றாள் பெரியவள்.

அடி முடிந்ததும் பையன் போய்விடுகிறான். தோட்டக்காரர் மறுபடி குழாயை எடுத்துக்கொண்டு செடிகளிடம் போகிறார், வேலை பாக்கி இருக்கிறதே. அதற்குள் சின்னவன் படத்தை முதலுக்குத் தள்ளிவிட்டான். “காலை எப்ப எடுக்கறான்னு எண்ணிப் பாப்போம், அத்தை.” மூவரும் வாய்விட்டு எண்ணத் தொடங்கினோம்.