கேளா ஒலியும் கணையமும்

கேளா ஒலி பற்றி மாணவர்களுக்காக எழுதப்படும் நூல்களைப் புரட்டிப் பாருங்கள். வௌவால் வரும், கப்பல் வரும். கடைசியில், வயிற்றுறுப்புகளை எல்லாம் திரையில் காணலாம் என்ற ஒரு வரியோடு பாடம் முடியும். அந்த 'எல்லாம்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. முன்னால் குடல்வாயு நின்றால், திசுவும் வாயுவும் சந்திக்கும் பரப்பிலேயே ஒலியாற்றலில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடும். அப்பால் உள்ளது தெரியாது. வெறும் வயிற்றோடு வரச் சொல்வது இதற்காகவே. சில சமயம் நீர் குடிக்கச் செய்து, நிரம்பிய இரைப்பையின் வழியே பார்ப்பார்கள்.

தெரிந்தாலோ, படம் பேசும்! திடீர் அழற்சியில் கணையம் வீங்கிக் கருமையாகத் தோன்றலாம். நாள்பட்ட அழற்சியில் கால்சியக் கற்கள் வெண்மையாக மின்னும். பெரிய கல்லின் பின்னால் கருநிழல் விழும். நீர்க்கட்டி கறுப்பு, ஆனால் அதன் பின்புறம் பளிச்சென்றிருக்கும். நீர் ஒலியை அதிகம் உறிஞ்சுவதில்லை அல்லவா? வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் ஏது? நூலாசிரியர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

'எல்லாம் தெரியும்' என்று படித்தவர், வாயு மறைத்ததால் கணையம் தெரியவில்லை என்ற அறிக்கையை, கணையத்தில் நோயில்லை என்று எடுத்துக்கொள்கிறார். வலி தொடர்ந்தும், மருத்துவர் சொன்ன சி.டி. ஸ்கேனை வீண்செலவென்று தள்ளிப்போடுகிறார்.