‘அண்ணை றைற்’றும் வாவிக்கரைச் சிரிப்பும்: கே. எஸ். பாலச்சந்திரனின் நகைச்சுவை எழுத்துப் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுந்தோர் நகைச்சுவை எழுத்தாளர்க்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறிது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 இல் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’ பற்றி நிறையவே பேசிவிட்டோம், பேசவேண்டியதும் முறையே. ஆயின் ஒரு தலைமுறை முழுவதையும் வானொலிப் பெட்டியின் முன் கூட்டிவைத்துச் சிரிக்கச் செய்தவர்களைப் ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிட்டோம். எள்ளலையும் பேதைமையையும் நகை பிறக்கும் நிலைக்களன்களுள் வைத்து இலக்கணம் செய்த தொல்காப்பியர் நம்மினும் தாராள மனத்தினர் போலும்.

1944 இல் கரவெட்டியிற் பிறந்து 2014 இல் கனடாவில் மறைந்த கே. எஸ். பாலச்சந்திரனை ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி என்னும் நான்கு சாதனங்களையும் ஒருவரே கடந்து சென்றார். ஈழத்து நகைச்சுவை எழுத்தின் வளர்ச்சியும் வழிமாற்றமும் அவ்வொருவரின் தொழில் வாழ்விலேயே தெரிகின்றன.

அவர்க்கு முன்பே ஒரு மரபு உருவாகியிருந்தது. ‘சானா’ என்று அறியப்பட்ட சண்முகநாதன் இலங்கை வானொலியில் நாடகத்தைப் பொறுப்பேற்று நடத்திய காலத்திற் பேச்சுத்தமிழ் ஒலிபரப்புக்கு உரிய மொழியாயிற்று. ‘விதானையார் வீட்டில்’ முதலான தொடர்கள் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தை நாடெங்கும் கொண்டுசென்றன. அம்மரபின் வழிவந்த பாலச்சந்திரன் ‘வாத்தியார் வீட்டில்’ போன்ற வானொலித் தொடர்களை எழுதினார். எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது ‘அண்ணை றைற்’ என்னும் தனிநடிப்பே.

இதன் அமைப்பைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். மேடையில் நிற்பவர் ஒருவர். அவர் பேருந்து நடத்துநர். பயணிகள் எவரும் இல்லை. அவர்தம் குரலும் இல்லை. நடத்துநரின் மறுமொழியிலிருந்தே கேட்ட கேள்வி இன்னது, கேட்டவர் இன்னார் என்று நாம் ஊகித்துக்கொள்கிறோம். பேருந்தை நிரப்பும் பணி பார்வையாளர்க்கு உரியது. எனவே சிரிப்பில் நமக்கும் ஒரு பங்கு உழைப்பு உண்டு. இரண்டாவதாக, அச்சிரிப்பு எவர்மீது விழுகிறது என்பதும் கருதத்தக்கது. பொதி சுமந்து ஏறும் கிராமத்தவரை இழிவுசெய்து சிரிப்பூட்டுவது எளிது. மலிவான நாடகங்கள் அதனையே செய்தன. பாலச்சந்திரனோ, சீருடையும் சீட்டுப் புத்தகமும் தந்த சிற்றதிகாரத்தை வாய் நிறையச் சுமந்து நிற்கும் ஒருவனைக் காட்டினார். அவனும் அன்றாட உழைப்பாளியே ஆதலால் எள்ளலில் நஞ்சு இல்லை.

வெறும் கோமாளியாக அவரைக் காண்பது தவறு என்பதற்குச் சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ வானொலித் தொடரில் அவர் ஏற்ற சோமு பாத்திரமே சான்று. ‘வாடைக்காற்று’ (1978) திரைப்படத்திலும் நடித்தார். 2009 இல் வெளிவந்த ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்னும் நாவலில் கடல்சார்ந்த வாழ்வின் துயரத்தை எழுதினார். சிரிக்கவைத்தவர் துயரமும் அறிந்தவர் என்னும் வழக்கமான பாராட்டுரையை நான் சொல்லவரவில்லை. பேச்சு வழக்கை உற்றுக்கேட்ட அதே செவிதான் இரண்டு வகை எழுத்துக்கும் உதவிற்று என்பதே என் கருத்து.

இனி, மட்டக்களப்பு வாசகனாக எனக்குள்ள வழக்கைக் கூறவேண்டும். சிறுவயதில் நாங்கள் பேருந்து விளையாட்டு ஆடுவோம். கல்லடிப் பாலத்தின் மேல் எங்கள் கற்பனை வண்டி ஓடும். நடத்துநராக நிற்பவன் மட்டும் எங்கள் பேச்சைக் கைவிட்டு வடமராட்சித் தமிழில் அதட்டுவான். உண்மையில் கல்முனை வண்டியில் நாங்கள் கேட்டது ‘ஒள்ளுப்பம் உள்ளுக்குப் போங்ககா’ என்பதைத்தான். ஆயினும் விளையாட்டில் அப்படிச் சொல்ல எவனுக்கும் தோன்றவில்லை. சிரிப்புக்குரிய தமிழ் வேறிடத்திலே உள்ளது என்று வானொலி எங்களுக்குக் கற்பித்திருந்தது.

இது பாலச்சந்திரனின் குற்றம் அன்று. தாம் அறிந்த வழக்கை அவர் பிசகின்றி எழுதினார்; அதுவே அவரது பலம். எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகள்’ (1976) திரைப்படத்தில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என வெவ்வேறு வழக்குகள் மோதிச் சிரிப்பை விளைத்தன. அங்கும் முதன்மைப் பாத்திரங்களுள் மட்டக்களப்பான் இல்லை. கொழும்பு நிலையத்தில் எழுதியோரும் நடித்தோரும் பெரும்பாலும் வடபுலத்தவர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நம்மிடமே உள்ளது. பேச்சு வழக்குகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக அணுகியது மட்டக்களப்பு வழக்கே என்று கமில் சுவெலபில் கூறியதை நாம் பட்டயமாக மாட்டிவைத்தோம். பெருமைக்குரிய மொழியை வைத்துப் பகிடி பண்ணலாமா என்னும் தயக்கம் நம் எழுத்தாளரிடம் இருந்ததாகவே நான் கருதுகிறேன்.

1982 இல் ரூபவாஹினி தோன்றியபோது இந்நிலை மாறியிருக்கலாம். ஆனால் தமிழுக்குக் கிடைத்த நேரம் குறுகியது; அடுத்த ஆண்டே நாடு எரிந்தது. கலைஞர் பலர் புலம்பெயர, ஈழத்துத் தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவை ரொறன்ரோவில் வளர்ந்தது. ‘வை. ரி. லிங்கம் ஷோ’வைப் பாலச்சந்திரன் அங்கேதான் உருவாக்கினார். தாம் விட்டுவந்த தெருவின் பேச்சைப் பனி பெய்யும் நகரில் இருந்து எழுதுபவர்க்கு ஒரு இடர் உண்டு: தெரு மாறிக்கொண்டே போகும், நினைவிலுள்ள பேச்சு மாறாது. வானொலியில் முகமின்றி நின்ற குரலுக்கிருந்த வீச்சைத் தொலைக்காட்சி குறைத்துவிட்டது என்பதும் என் துணிபு. ‘அண்ணை றைற்’றில் நாமே கட்டிய பேருந்தை ஒளிப்படக்கருவி கட்டித்தர இயலாது.

வாவிக்கரையில் நகைச்சுவை இல்லாமற் போகவில்லை. மகிடிக் கூத்தில் அது உண்டு. வடமோடி, தென்மோடிக் களரிகளிற் கட்டியகாரன் வாயிலும் உண்டு. ஆனால் கூத்தின் ஏடுகளிற் பாட்டும் விருத்தமும் வசனமும் எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு அவனது பகிடி எழுதப்பட்டிருப்பதில்லை. அது அன்றிரவுக்கென்று, முன்வரிசையில் இருப்போர் முகம் பார்த்து, அந்தந்த நேரத்தில் உண்டாவது. சென்ற ஆண்டு ஒரு களரியில் விடியற்சாமம் வரை இருந்தேன். அரசர் வரவு தொடங்கியதும் இளைஞர் தம் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் படம்பிடித்தனர். கட்டியகாரன் பேசத் தொடங்கினான். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கைகள் யாவும் கீழே இறங்கியிருந்தன.