அன்பு வரியைக் குறைக்காது!

காசிமேட்டில் விடிகாலை இறால் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? பேரம் படியவில்லையா, அடுத்த கூடைக்குப் போய்விடலாம். நாடுகளின் பேரத்தில் அது நடக்காது!

இந்தியா உள்பட ஆறு நாடுகள் அடிமாட்டு விலைக்கு இறாலைத் தள்ளிவிடுவதாக, அமெரிக்க இறால்காரர்கள் 2003 டிசம்பர் 31-ல் புகார் கொடுத்தார்கள். விசாரணையின் நடுவே, 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. ராயபுரம் கரையில் படகும் வலையும் போன ஐந்தே வாரத்தில், 2005 பிப்ரவரி 1-ல் 'ஆன்ட்டி டம்ப்பிங்' வரி வந்தது. இந்திய இறாலுக்குச் சுமார் 10 சதவிகிதம்!

கூத்து என்னவென்றால், வசூலான வரியைப் புகார் கொடுத்தவர்களுக்கே பிரித்துத் தர அங்கே ஒரு சட்டம் இருந்தது. உலக வர்த்தக அமைப்பு 2003 ஜனவரியிலேயே குட்டியும், 2006-ல்தான் ரத்து செய்தார்கள்.

2005 ஜூலையில் புஷ்ஷும் மன்மோகன் சிங்கும் அணுசக்திக்காகக் கைகுலுக்கினார்கள். இறால் வரி அசையவில்லை. 2025 ஆகஸ்ட் 27-ல் டிரம்ப்பின் கூடுதல் வரி 50 சதவிகிதத்தைத் தொட்டபோதும் இறால் தப்பவில்லை. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை!

நட்பு வேண்டாமா? வேண்டும். ஆனால், கைகுலுக்கும்போதே வரி எத்தனை என்று கையெழுத்தும் வாங்குங்கள் என்கிறேன். நம்ம பெட்டிக்கடை அண்ணாச்சிக்குத் தெரியும், 'கடன் அன்பை முறிக்கும்' என்று. டெல்லிக்கும் ஒரு போர்டு எழுதிக் கொடுக்கலாம்: 'அன்பு வரியைக் குறைக்காது!'