போக விடாத வீடுகள்

அடங்காத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எங்கிருந்தோ ஒருத்தி வருகிறாள். கொஞ்சம் மாயம், நிறையக் கண்டிப்பு. வீடு சீரானதும் கிளம்பிவிடுகிறாள். பி.எல். டிராவர்ஸ் 1934இல் எழுதிய ‘மேரி பாப்பின்ஸ்’ 1964இல் டிஸ்னி படமானது. எம்மா தாம்ப்சன் எழுதி நடித்த ‘நேனி மெக்ஃபி’ (2005) அதே வழியில் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு பாடமாகக் கற்கக் கற்க, தாதியின் முகத்திலிருந்த மருக்கள் மறைகின்றன. கடைசிப் பாடம் முடிந்ததும் அவளும் விடைபெறுகிறாள்.

நம் திரையில் இந்தக் கதை வேறு வழியில் திரும்பிவிட்டது. ஹாலிவுட்டில் ஜூலி ஆண்ட்ரூஸ் இப்படி வீட்டுக்கு வரும் இரண்டு பெண்களாக நடித்தார். மேரி பாப்பின்ஸ் குடையை விரித்துப் பறந்துபோனாள். ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965) மரியாவோ வீட்டுத் தலைவரையே மணந்து தங்கினாள். தமிழ் சினிமா மரியாவையே பிடித்துக்கொண்டது.

ஜி.எஸ். மணி இயக்கிய ‘சாந்தி நிலையம்’ (1969) அதற்கு முதல் சாட்சி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் காஞ்சனா, ஜெமினி கணேசனின் மனத்திலும் இடம்பிடிக்கிறார். ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. ‘மாயாபஜார்’ (1957) படத்தின் தந்திரக் காட்சிகளைப் படமாக்கிய அதே கை. ‘சாந்தி நிலையம்’ படத்துக்காக அவர் தேசிய விருதும் பெற்றார். மாயம் காட்டத் தெரிந்த கலைஞர் இருந்தும், கதை கல்யாணத்தையே நாடியது.

அடுத்தது கே.எஸ். ரவிகுமாரின் ‘அவ்வை சண்முகி’ (1996). மனைவியைப் பிரிந்த பாண்டியன் (கமல்ஹாசன்), மகளுடன் இருப்பதற்காக மாமி வேடத்தில் ஆயாவாக நுழைகிறான். இங்கே மாயம் என்பது மேக்கப்தான். அதைப் போட்டுவிடும் ஜோசப்பாக நாகேஷ். மேடையில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்தின் நினைவு தலைப்பிலேயே இருக்கிறது. கமல் அவரது நாடகக் குழுவில் வளர்ந்தவர். மாமியிடம் மனத்தைப் பறிகொடுக்கும் மாமனாராக, 27 ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஜெமினி கணேசன்! மூலமான ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ (1993) படத்தில் பிரிந்த தம்பதி சேர்வதில்லை. தமிழில் சேர்ந்துவிடுகிறார்கள்.

இந்தியில் குணால் கோலியின் ‘தோடா பியார் தோடா மேஜிக்’கும் (2008) தப்பவில்லை. பெற்றோரை இழந்த நான்கு குழந்தைகளுக்காக வானவில்லில் சைக்கிள் மிதித்து இறங்கும் தேவதை ராணி முகர்ஜி, கடைசியில் மனுஷியாகி அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறார்.

நல்லவளை வெளியே அனுப்ப மனம் வராத அன்பு இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை வளர்ப்பு ஒரு தொழில், அதைச் செய்பவளுக்குச் சம்பளமும் தனக்கென ஒரு வாழ்க்கையும் உண்டு என்பதை இந்த முடிவுகள் மறைத்துவிடுகின்றன. தாலியோ ரத்த உறவோ இருந்தால்தான் அவள் நம்மவள்.

திரைக்கு வெளியே பாருங்கள்: மைசூரின் ஹெப்பாளில் தொழிற்பேட்டையும் இன்ஃபோசிஸ் வளாகமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட வட்டாரங்களில் தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகளைத் தாங்குபவர்கள் ஆயாக்களும் காப்பகப் பெண்களும்தான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது. இதே மைசூர் மாவட்டத்தின் டி. நரசீபுரத்தில் 1975இலேயே அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. சட்டத்துக்கும் அரசுக்கும் தெரிந்த இந்தப் பெண்ணைத் திரை இன்னும் பார்க்கவில்லை.

தமிழில் ஒரு மாயத் தாதி படம் வரட்டும். வானவில்லில் இறங்கட்டும், பாயில் பறக்கட்டும். வேலை முடிந்ததும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போகட்டும். அவளைப் போக விடுவதும் மரியாதைதான் என்பதை நம் பிள்ளைகள் அந்தப் படத்திலிருந்து கற்றுக்கொள்வார்கள்.