ஆளில்லா நிலமா? – தாஸ்மேனிய இயற்கைநில ஒளிப்படங்கள் குறித்த ஒரு திணைநோக்கு

முன்னுரை

ஒரு நிலத்தின் அழகைப் படமெடுத்துப் பிறருக்குக் காட்டுவது எளிய பணியாகத் தோன்றலாம். ஆயினும் எதைச் சட்டத்துக்குள் கொணர்வது, எதை வெளியே விடுவது என்று முடிவு செய்யும் அந்த நொடியிலேயே ஒளிப்படக் கலைஞர் அந்நிலத்தைப் பற்றிய ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறார். ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவாகிய தாஸ்மேனியாவின் தென்மேற்குக் காடுகளைப் படமெடுத்த ஒலேகாஸ் துருகானாஸ் (1923–1972), பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ் (1945–1996) ஆகிய இருவரின் பணி இதற்குச் சிறந்த சான்றாகும். அவர்தம் படங்கள் எவ்வகையில் வெற்றி பெற்றன, அவ்வெற்றி எதனை மறைத்தது என்பதை நம் திணைக்கோட்பாட்டின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கலைஞர்கள்

இருவருமே அத்தீவில் பிறந்தவரல்லர். துருகானாஸ் லித்துவேனியாவிற் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948இல் தாஸ்மேனியாவுக்குக் குடிபெயர்ந்தவர். டொம்ப்ரோவ்ஸ்கிஸ் லட்வியப் பெற்றோருக்கு ஜெர்மனியில் அகதியர் முகாமில் பிறந்து, 1950இல் தாயுடன் வந்து சேர்ந்தவர். போரால் மண்ணை இழந்தவர்கள் புதிய மண்ணொன்றைக் கண்டெடுத்த வியப்பு இருவர் படங்களிலும் உண்டு. அவ்வியப்பே அவர்களின் வலிமை. அதுவே அவர்களின் எல்லையும் ஆயிற்று என்பது பின்னர்ப் புலப்படும்.

துருகானாஸ் பணிபுரிந்த இடம் தாஸ்மேனிய நீர்மின் ஆணையம். அவர் உயிராக நேசித்த பெடர் ஏரியை நீரில் மூழ்கடிக்கத் திட்டமிட்டதும் அதே ஆணையம்தான். இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட குவார்ட்சைட் மணற்கரையால் புகழ்பெற்ற அவ்வேரி 1955இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருந்தும் அதனைக் காக்க இயலவில்லை. துருகானாஸ் தம் வண்ண ஸ்லைடு படங்களை ஹோபார்ட் நகர மன்றத்தில் இசையுடன் திரையிட்டார். மக்கள் திரண்டு வந்து கண்டனர். 1967 பிப்ரவரியில் நேர்ந்த பெருங்காட்டுத்தீயில் அவர் வீடும் அதுவரை சேர்த்த படத்தொகுப்பும் எரிந்து போயின. அவர் மீண்டும் காட்டுக்குள் சென்று படமெடுக்கத் தொடங்கினார். அம்முயற்சியில் 1972 ஜனவரியில் கோர்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவர் உடலைக் கண்டெடுத்தவர் அவருடைய மாணவர் எனத்தக்க டொம்ப்ரோவ்ஸ்கிஸ். அவ்வாண்டிலேயே பெடர் ஏரியும் நீருள் மறைந்தது.

பாறைத்தீவு வளைவு

டொம்ப்ரோவ்ஸ்கிஸ் 4×5 அங்குலப் படத்தகடு ஏற்கும் லின்ஹோஃப் கேமராவைச் சுமந்து நடந்தவர். அது விரைந்து சுடும் கருவியன்று. முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைக் கண்ணாடியில் பொறுமையாகச் சீர்செய்தபின்னரே படமெடுக்க இயலும். பாசி படிந்த கல், பனியுறைந்த இலை, மக்குவாரித் தீவின் கரையிற் சுருண்டு கிடக்கும் பெருங்கடற்பாசி என அண்மைப் பொருள்களிலும் அவர் கண் நின்று பழகியதற்கு இம்மந்தகதியே காரணம் எனலாம்.

அவர் படங்களுள் மிகப் புகழ்பெற்றது, ஃபிராங்க்ளின் ஆற்றின் பாறைத்தீவு வளைவில் காலைப் பனிமூட்டத்தைக் காட்டுவது. நீண்ட நேரம் ஒளியேற்கச் செய்தமையால் நீர் நுரைத்து வெண்பட்டாய் இழைகிறது. நடுவே செடிகொடிகளைத் தாங்கிய பாறை அசையாது நிற்கிறது. அதற்கப்பால் பள்ளத்தாக்கு பனிமூட்டத்துள் கரைகிறது. அசைவும் அசைவின்மையும் ஒரே சட்டத்துள் எதிர்நிற்பதே இப்படத்தின் கட்டமைப்பு. பார்ப்பவரின் கண் ஆற்றோடு உள்ளே சென்று, பனியில் வழிதவறி, மீண்டும் பாறைக்கே திரும்புகிறது.

ஆற்றின் கீழ்ப்பகுதியை மூழ்கடிக்கும் அணைத்திட்டம் ஒன்று அப்போது முன்வைக்கப்பட்டிருந்தது. 1981 டிசம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் அணைக்கான இரு இடங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மட்டுமே தரப்பட்டது. வாக்காளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அணையே வேண்டாம் எனத் தாளில் தாமே எழுதினர். 1983 மார்ச் 5இல் நடந்த கூட்டாட்சித் தேர்தலுக்குச் சற்று முன்னர், இயற்கைக் காப்பு இயக்கத்தினர் பாறைத்தீவு வளைவுப் படத்தை நாளிதழ்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வெளியிட்டனர். இதனை அழிக்கும் கட்சிக்கு உங்களால் வாக்களிக்க இயலுமா என்னும் பொருள்பட ஒரு வினா உடன் இருந்தது. அணையைத் தடுப்பதாக வாக்களித்த தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1983 ஜூலை 1இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் கூட்டரசின் தடையை ஏற்றது. ஆறு பிழைத்தது.

இதனை ஒரு படத்தின் வெற்றியாக மட்டும் கூறுவது மிகை. பெடர் ஏரியின் படங்களும் அழகியனவே. எனினும் ஏரி மூழ்கியது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஆஸ்திரேலியா உலக மரபுரிமை உடன்படிக்கையை ஏற்றிருந்தது. 1982 டிசம்பரில் தாஸ்மேனியக் காடுகள் அப்பட்டியலில் இடம்பெற்றன. நீதிமன்றம் சாய்ந்தது அச்சட்ட வலுவின் பக்கமே. படம் மக்கள் மனத்தைத் திறந்தது. சட்டம் கதவைத் திறந்தது எனக் கூறுவதே பொருந்தும்.

திணைநோக்கில் ஒரு வாசிப்பு

தொல்காப்பியம் ஒரு திணையை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்துக் காண்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அந்நிலத்தில் நிகழும் மனவொழுக்கம் உரிப்பொருள். பாட்டில் இவை ஒன்றைவிட ஒன்று சிறந்து, உரிப்பொருளே தலைமை பெறும்.

இவ்வளவைகொண்டு நோக்கின், பாறைத்தீவு வளைவுப் படத்தில் முதற்பொருள் நிறைந்திருக்கிறது: மலையாறு, வைகறை, பனிமூட்டம். கருப்பொருளிலோ மரமும் கொடியும் மட்டுமே உள. தொழிலும் உணவும் பறையும் இல. உரிப்பொருள் படத்துள் இல்லை. அது படத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. இத்தகைய படமே நாட்காட்டியில் தொங்கும்போது அமைதியைத் தருகிறது. அடியில் ஒரு வினாவைப் பொறித்துத் தேர்தல் நேரத்தில் அச்சிடும்போதோ பிரிவச்சத்தைத் தருகிறது. படம் மாறவில்லை, அதன் உரிப்பொருள் மாறிவிட்டது. இயற்கைநில ஒளிப்படத்தின் பொருள் படச்சட்டத்துள் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறைந்திருந்த மாந்தர்

ஆளில்லாத இந்நிலம் உண்மையில் ஆளில்லாததுதானா? ஃபிராங்க்ளின் ஆற்றின் கரையில் குட்டிகினா என்னும் குகை உள்ளது. 1981இல் தொல்லியலாளர் அங்கு ஆய்ந்தபோது கற்கருவிகளும் அடுப்புச் சாம்பலும் வாலபி எலும்புகளும் கிடைத்தன. இற்றைக்கு ஏறத்தாழ 20,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், மக்கள் அங்கு வாழ்ந்தமை உறுதியாயிற்று. அணை எழுந்திருப்பின் அக்குகையும் மூழ்கியிருக்கும். உயர் நீதிமன்ற வழக்கில் இத்தொல்லிடங்களும் வாதத்திற்கு உரியவையாயின. தென்மேற்கின் புல்வெளிகளும் முழுதும் தாமே விளைந்தவையல்ல. தொல்குடியினர் காலங்காலமாக இட்ட தீயால் உருப்பெற்றவை அவற்றுள் பல.

தாஸ்மேனியாவைப் பொறுத்தவரை இது சிறு செய்தியன்று. 1876இல் துருகனினி என்னும் மூதாட்டி இறந்ததோடு அத்தீவின் தொல்குடியினரே அற்றுப்போயினர் என நெடுங்காலம் பள்ளிகளிற் கற்பிக்கப்பட்டது. அவர்தம் வழித்தோன்றல்கள் உயிருடன் இருந்துகொண்டே அப்பாடத்தைக் கேட்க நேர்ந்தது. அத்தகைய மண்ணில், மனிதச் சுவடு படாத காடு என்னும் தோற்றத்தை ஓர் அழகிய படம் பரப்புமாயின், அறியாமலே அப்பொய்க்கு அது துணைபோகிறது. 1995இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழிக் குட்டிகினா குகை தொல்குடிச் சமூகத்திடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. படத்தில் இல்லாதிருந்த கருப்பொருள் சட்டத்தின்வழி நிலத்துக்கு மீண்டது எனலாம்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அக்காலையில் ஆற்றங்கரையில் எவரும் இல்லையாயின் கலைஞர் எவரைப் படமெடுப்பார்? மனித உருவை நீக்கியமையால்தான் பார்ப்பவர் தாமே அங்கு நிற்பதாக உணர்கிறார். ஆற்றைக் காக்கும் பொறுப்பும் அவர்க்கு வந்து சேர்கிறது. இம்மறுப்பில் நியாயம் உண்டு. டொம்ப்ரோவ்ஸ்கிஸ் பொய் கூறவில்லை. தாம் கண்டதை, கண்டவாறே, அரிய பொறுமையுடன் காட்டினார். குறை படத்தில் இருப்பதைவிட, படத்தையே அந்நிலத்தின் முழு வரலாறாகக் கொண்ட நம் வாசிப்பில்தான் மிகுதியும் உள்ளது. புதிதாய் வந்தவர் கண்ணுக்கு எந்நிலமும் இன்றுதான் பிறந்ததுபோல் தோன்றும். அக்கண்ணின் அன்பை மதிக்கலாம். அதன் மறதியையும் உடன் சுட்டவேண்டும்.

முடிவுரை

டொம்ப்ரோவ்ஸ்கிஸ் 1996 மார்ச்சில் தென்மேற்குத் தாஸ்மேனியாவின் மேற்கு ஆர்தர் மலைத்தொடரில், படமெடுக்கச் சென்ற இடத்தில், மாரடைப்பால் காலமானார். ஆசிரியரை ஆறு கொண்டது. மாணவரை மலை கொண்டது. நிலத்தின் அழகைப் பகிர்வதற்கு இருவரும் தந்த விலை பெரிது. அவர்தம் படங்களால் ஓர் ஆறு இன்றும் தடையின்றி ஓடுகிறது என்பதை எத்திறனாய்வும் சிறுமைப்படுத்த இயலாது.

எனினும் திணைக்கோட்பாடு நமக்குக் கற்பிப்பது, நிலம் என்பது வாழ்வோடு சேர்ந்தே நிலமாகும் என்பதையே. வகுப்பறையில் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர், இத்தகைய இயற்கைநிலப் படமொன்றை மாணவர்முன் வைத்து, முதற்பொருள் எது, கருப்பொருளில் எவை விடுபட்டன, உரிப்பொருளை யார் தருகிறார் என வினவலாம். இலக்கணமாக மனனம் செய்யப்பெறும் ஒரு கோட்பாடு அப்போது கண்ணைத் திறக்கும் கருவியாகும். அழகைக் கண்டு வியந்து, அவ்வழகுள் யார் இல்லை என்றும் கேட்கப் பழகிய மாணவர், தாம் வாழும் நிலத்தையும் அவ்வாறே நோக்குவர்.